எழுத்து மெலியும் இடம்

ஒரு தேக்குப் பலகை. கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொடுக்க, அதில் வீட்டுக்காரர் பெயரை ஒரு சின்ன சி.என்.சி. மெஷினில் வெட்டியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் எழுத்து தடித்து, கரைகள் பிசிறடித்து நிற்கிறது. நடுவில் அளவாக இருக்கிறது. வலது ஓரம் வரும்போது கோடு மயிரிழையாகிவிடுகிறது. கடைசி மெய்யெழுத்தின் புள்ளி விழவே இல்லை. இப்படி ஒரு பலகை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது வேகத்தில்தான். ஃபீடை, அதாவது முனை நகரும் வேகத்தை, குறைக்கிறார்கள், ஸ்பிண்டில் சுற்றைக் கூட்டுகிறார்கள், மென்பொருளை மாற்றுகிறார்கள், புது பிட் வாங்குகிறார்கள், கடைசியில் மெஷினே மட்டம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. எழுத்து வெட்டும் வேலையில் முதல் சந்தேகம் உயரத்தின் மேல் விழ வேண்டும். பிட்டின் முனைக்கும் பலகையின் மேற்பரப்புக்கும் உள்ள உயரம் அது. மற்றவற்றை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறை பலகையின் எந்த இடத்தில் வருகிறது, எந்தத் திசையில் வருகிறது, எந்த எழுத்தில் வருகிறது என்று கவனித்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இந்தியாவின் மெஷின் டூல் தொழில் வேர்விட்ட ஊர்களில் இது முதன்மையானது. 1953இல் தொடங்கிய எச்.எம்.டி. ஜாலஹள்ளியில் லேத்துகளைச் செய்தது. மெஷின் டூல் ஆராய்ச்சிக்காகவே 1962இல் துமகூரு சாலையில் ஒரு மத்திய நிறுவனம் வந்தது. இன்று அதை சி.எம்.டி.ஐ. என்கிறார்கள். பக்கத்திலேயே பீன்யா தொழிற்பேட்டை. அதே ஊரின் அடுக்குமாடி வீடுகளில், பால்கனி ஓரத்து மேஜையில், இன்று 3018 என்ற எண்ணால் அழைக்கப்படும் சின்ன மெஷின் உட்கார்ந்திருக்கிறது. 30 செ.மீ.க்கு 18 செ.மீ. வேலைப்பரப்பு, 775 என்ற வகை மோட்டார், அர்டுயினோ வகை போர்டு. அந்த போர்டில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருளை நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கினார்; யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்டெப்பர் மோட்டாரோ போர்டோ போனால் ஊரின் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். மெஷின் இப்படி வீட்டுக்குள் வந்துவிட்டது. பட்டறைப் பழக்கம் கூடவே வரவில்லை. பீன்யாவில் மில்லிங் மெஷின் ஓட்டுபவர் ஜாபைக் கட்டியவுடன் வெட்டத் தொடங்குவதில்லை. டயல் கேஜை ஸ்பிண்டிலில் மாட்டி, வைஸ் நேராக இருக்கிறதா, ஜாப் மட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்க்கிறார். பல லட்ச ரூபாய் மெஷினையே அவர் அப்படியே நம்புவதில்லை. வீட்டு மெஷினில் நாம் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

உயரத்துக்கு நான் இவ்வளவு இடம் தருவதற்கு ஆதாரம் எளிய கணக்கு. எழுத்து வெட்ட எல்லோரும் பயன்படுத்துவது கூம்பு முனை கொண்ட வி-பிட். கூம்பு எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கோடு அவ்வளவு அகலமாகும். 60 டிகிரி பிட்டில் கோட்டின் அகலம் ஆழத்தைப்போல் ஏறத்தாழ 1.15 மடங்கு. 90 டிகிரி பிட்டில் சரியாக 2 மடங்கு. 30 டிகிரியில் ஆழத்தில் பாதியைவிடச் சற்றே அதிகம். 60 டிகிரி பிட்டை 0.3 மி.மீ. இறக்கி வெட்டினால் கோடு 0.35 மி.மீ. அகலம் வரும். பலகை ஒரு ஓரத்தில் 0.1 மி.மீ. தாழ்ந்திருந்தால் அங்கே ஆழம் 0.2 ஆகி, அகலம் 0.23க்குச் சுருங்கும். மறு ஓரத்தில் 0.1 மி.மீ. மேடாக இருந்தால் அகலம் 0.46 ஆகும். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ.தான். அந்தத் தாளளவு ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து, ஒரே பெயரின் முதல் எழுத்தைக் கடைசி எழுத்தைவிட இரண்டு மடங்கு தடிமனாக்கிவிடுகின்றன. வெட்டுப்பட்டு வெளியேறும் மரத்தின் அளவோ நான்கு மடங்கு வேறுபடுகிறது. பள்ளத்தில் பெயின்ட் நிரப்பும்போது ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளிறியும் தெரிவது இதனால்தான். வேகத்தை என்ன மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஃபீடைப் பாதியாகக் குறைத்தாலும் தாழ்ந்த இடம் தாழ்ந்தேதான் இருக்கும்.

சரிபார்க்க டயல் கேஜ்கூட வேண்டாம், அந்த ஜெராக்ஸ் தாளே போதும். ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, கட்டிவைத்த பலகையின் நான்கு மூலை, நான்கு பக்கங்களின் நடு, பலகையின் மையம் என 9 இடங்களில் தாளை வைத்து, முனையை 0.02 மி.மீ. படிகளாக இறக்க வேண்டும். தாளை இழுக்கும்போது லேசாகப் பிடிக்கும் கணத்தில் திரையில் தெரியும் இசட் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்பது எண்களும் சேர்ந்து ஒரு படம் தரும். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சீராக இறங்கினால் பலகை உட்காரும் தளமான பெட் சாய்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சாய்ந்திருக்கிறது. நடு உயர்ந்து ஓரங்கள் தாழ்ந்தால், அல்லது இதற்கு நேர்மாறானால், பலகை வளைந்திருக்கிறது. கிளாம்பைத் தளர்த்தி மீண்டும் அளக்கும்போது எண்கள் மாறினால், பலகையை வளைப்பது கிளாம்ப்தான். சந்தேகம் தீராவிட்டால் பலகையை அதே முகம் மேலே இருக்க, இடது வலது மாறும்படி திருப்பிக் கட்டி, ஓரத்தில் அதே சொல்லை மறுபடி வெட்டிப் பார்க்கலாம். மெலிந்த பக்கம் மரத்தோடு சேர்ந்து இடம் மாறினால் குறை மரத்தில். மெஷினின் அதே பக்கத்தில் நின்றால் குறை பெட்டில்.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில்தான் நிற்கிறது என்று சிலர் சொல்வார்கள். ரசமட்டம் காட்டுவது பூமிக்கு நேர் மட்டத்தை. மெஷினுக்கு அது தேவையே இல்லை; மேஜை சாய்ந்திருந்தாலும் எழுத்து நன்றாக விழும். ஸ்பிண்டில் நகரும் தளமும் பலகையின் மேற்பரப்பும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அதை அந்த ஸ்பிண்டிலில் மாட்டிய முனையாலோ கேஜாலோ மட்டுமே அளக்க முடியும்.

மரம் ஏன் வளைகிறது என்பதற்கு இந்த ஊரின் வானிலையையும் பார்க்க வேண்டும். மார்ச் மாதத்தில் பெங்களூரின் காற்று வறண்டு கிடக்கும். ஆண்டிலேயே அதிக மழை பெய்வது செப்டம்பரில். அதையொட்டியே நவராத்திரியும் ஆயுத பூஜையும் தீபாவளியும் வருகின்றன. பரிசுப் பலகைகளுக்குத் தேவை கூடும் நாட்களும், மரம் ஈரத்தைக் குடித்து உப்பும் நாட்களும் ஒன்றே. மரம் ரேகையின் நீளவாக்கில் அதிகம் அசையாது, குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். பலகையைத் தரையிலோ அலமாரித் தட்டிலோ படுக்க வைத்திருந்தால் மேல்முகம் மட்டும் காற்றின் ஈரத்தை வாங்குகிறது, அடிமுகம் வாங்குவதில்லை. அதனால் பலகை வளைகிறது. ஒரு முகத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்தாலும் இதே கதிதான். இரு முகத்துக்கும் காற்றுபடும்படி நிறுத்தி வைத்து, வெட்டுகிற அறையிலேயே சில நாட்கள் விட்டுவைப்பது நல்லது. கோடையில் மட்டமாக இருந்த பலகை புரட்டாசியிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெட் சாய்ந்திருந்தால், நட்டைத் திருகித் திருகி நேராக்குவதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. பெட்டின் மேல் ஒரு எம்.டி.எஃப். தட்டைத் திருகி, அதன் முழுப் பரப்பையும் தட்டை முனை பிட்டால் மெஷினைக் கொண்டே மெல்லச் சீவிவிடுவது. ஸ்பிண்டில் எந்தத் தளத்தில் நகர்கிறதோ அந்தத் தளத்துக்கு இணையாக அந்தத் தட்டு அமைந்துவிடும். அதன்மேல் பலகையை டபுள் சைடு டேப்பால் ஒட்டுவது, மெல்லிய பலகைகளுக்கு மூலைக் கிளாம்பைவிடச் சிறந்தது. கிளாம்ப் மூலைகளை அமுக்கி நடுவைத் தூக்கிவிடுகிறது. வளைவு பலகையிலேயே இருந்தால், பெயர் வரும் பகுதியை மட்டும் 0.2, 0.3 மி.மீ. சீவிவிட்டு அதன் பிறகு எழுத்தை வெட்டலாம். சீவிய பகுதி ஒரு சட்டம்போல் அமைந்து பார்க்கவும் அழகாகவே இருக்கும். ஏற்கெனவே அரக்குச் சாயம் ஏற்றிய சென்னபட்டணா வேலைப்பாடு போன்றவற்றை இப்படிச் சீவ முடியாது. அங்கே உயர வரைபடம் கைகொடுக்கும். கேண்டில், பிசிஎன்சி போன்ற இலவச மென்பொருட்கள் மேற்பரப்பைப் பல இடங்களில் முனையால் தொட்டு அளந்து, மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஜி-கோடைத் திருத்திவிடும். தொட்டதை மெஷின் அறிவது மின்சாரத்தால் என்பதால் பித்தளைத் தகட்டில் நேரடியாக வேலை செய்யும்; மரத்தின் மேல் மெல்லிய அலுமினிய ஃபாயிலை ஒட்டிக்கொள்ள வேண்டும். உயர வரைபடம் இருக்கும்போது சீவுவதும் அளப்பதும் எதற்கு என்று கேட்கலாம். அது அளந்த நேரத்து மேற்பரப்பை மட்டுமே அறியும். அடியில் இடைவெளி விட்டு வளைந்து நிற்கும் பலகை, பிட் அமுக்கும்போது கீழே போய் மீண்டும் எழும். அதை எந்த வரைபடமும் காட்டாது. பலகை அடி தட்டி உட்காராதவரை திருத்தம் அரைகுறைதான்.

தமிழ்நாட்டுப் பாத்திரக் கடைகளிலும் பெங்களூர்ச் சிக்பேட்டை போன்ற கடைவீதிகளிலும் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுபவரின் கையைக் கவனித்தால் இந்த விஷயம் முழுதாக விளங்கும். குடத்தின் வயிறு எங்குமே மட்டமில்லை. ஆனாலும் எழுத்து முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிமனில் விழுகிறது. அவர் விரல் ஒவ்வொரு கணமும் பரப்பின் உயரத்தை வாங்கி அழுத்தத்தைச் சரிசெய்துகொண்டே போகிறது. நம் மெஷினோ, பூஜ்யம் வைக்கும்போது ஒரே ஒரு இடத்தில் உயரத்தை அறிகிறது. மீதி பரப்பு முழுவதும் அதே உயரம் என்று வைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தக் கையின் வேலையை மெஷினுக்குத் தருவதுதான் ஸ்பிரிங் வைத்த வைர முனை. ஸ்பிண்டில் சுற்றாமலே உலோகத்தைக் கீறிக்கொண்டு போகும். ஸ்பிரிங் பரப்பின் மேடு பள்ளத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். பித்தளை, அலுமினியத் தகடுகளில் சின்ன எழுத்து வேண்டுமானால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படும் பெரிய வாதம், மலிவு மெஷினில் விறைப்பு இல்லை, சட்டம் நெளிகிறது, ஆகவே எழுத்து கெடுகிறது என்பது. ஆழமாகப் பொருளை எடுக்கும் வேலைகளுக்கு இது முழு உண்மை. எழுத்து வெட்டும்போது கூம்பின் நுனி மட்டும் கால் மில்லிமீட்டர் இறங்குகிறது. அதற்கு வேண்டிய விசை குறைவு. நெளிவுதான் காரணமா என்று அறிய எளிய சோதனை உண்டு. அதே கோட்டை, அதே ஆழத்தில், எதையும் தொடாமல் இரண்டாம் முறை ஓட்டிப் பார்க்கலாம். முதல் ஓட்டத்தில் சட்டம் விசைக்கு விட்டுக்கொடுத்திருந்தால் இரண்டாவதில் கோடு கண்ணுக்குத் தெரியும்படி அகலும். அகலாவிட்டால் பழி மெஷினின் விறைப்பு மேல் இல்லை. லேசர் வாங்கினால் இந்தத் தொல்லையே இருக்காது என்பவர்களுக்கும் ஒரு பதில்: வீட்டு டயோட் லேசர் மரத்தைக் கருக்கித்தான் எழுதும், பித்தளையில் பள்ளமே எடுக்காது. விரல் வைத்தால் தட்டுப்படும் பள்ளம், அதில் நிரப்பிய பெயின்ட், மேலே தேய்த்தெடுத்தபின் கூராக நிற்கும் விளிம்பு இவையெல்லாம் மில்லிங்கில்தான் கிடைக்கும்.

மெஷின் மேல் நியாயமாகவே விழும் பழி ஒன்று உண்டு: ஆட்டம். லீட் ஸ்குரூவுக்கும் நட்டுக்கும் இடையில் இடைவெளி இருந்தால், அச்சு திசை திரும்பும்போது மோட்டார் சுற்றியும் முனை சற்று நேரம் நகராது. இந்தக் குறை பலகையின் இடத்தைப் பொறுத்து வராது, திசையைப் பொறுத்து வரும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில் நேர்க்கோடுகள் பல. ஆட்டம் அவற்றில் ஒளிந்துகொள்ளும். தமிழ் எழுத்துகளில் அது முடியாது. ற, ஞ, ண, ழ எல்லாம் சுழியும் வளைவுமாகத் திரும்பிக்கொண்டே இருப்பவை. ஆட்டம் இருந்தால் ஞ-வின் சுழி மூடாமல் வாய் திறந்து நிற்கும், ண-வின் வளைவுகள் ஒரு பக்கம் சப்பையாகும், வட்டம் முட்டையாகும். நட்டின் ஸ்பிரிங், மோட்டாரையும் லீட் ஸ்குரூவையும் இணைக்கும் கப்ளரின் சின்ன கிரப் ஸ்குரூ, தாங்கிகளின் பிடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்; கப்ளர் ஸ்குரூ தளர்ந்ததே காரணமாக இருப்பது மிகச் சாதாரணம். எழுத்துகள் ஒரு கட்டம்வரை நன்றாக வந்து, அதன்பின் மொத்தமாக ஒதுங்கி விழுந்தால் அது ஆட்டம் அல்ல. மோட்டார் படி தவறியிருக்கிறது. வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பச் சொல்லிப் பார்த்தால் தொடங்கிய இடத்துக்கு வராது. வெட்ட வெட்ட எழுத்து படிப்படியாக ஆழமாகிக்கொண்டோ மேலேறிக்கொண்டோ போனால், பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டில் அது நழுவுகிறது. இதையும் பலகைச் சாய்வையும் பிரித்தறிய, வெட்டும் வரிசையை மாற்றிக் கடைசி எழுத்திலிருந்து தொடங்கினால் போதும்.

இடமும் திசையும் பாராமல் எல்லா எழுத்தும் ஒரேபோலத் தடித்தோ பிசிறடித்தோ வந்தால் அப்போதுதான் பிட்டையும் வேகத்தையும் சந்தேகிக்க வேண்டும். மலிவுப் பிட்டின் நுனி கூராகவே இருப்பதில்லை, 0.1 அல்லது 0.2 மி.மீ. தட்டை முனை இருக்கும், அந்த அளவு கோட்டின் அகலத்தோடு கூடும். கோலெட்டில் ஒரு சீவல் துணுக்கு மாட்டியிருந்தாலும் நுனி வட்டமடித்துக் கோட்டை அகலப்படுத்தும். வேகத்தைப் பொறுத்தவரை, குறைத்தால் நல்லது என்ற நம்பிக்கை தவறு. ஒற்றை வெட்டு விளிம்புள்ள பிட் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும்போது, ஒரு சுற்றுக்கு 0.03 மி.மீ. சீவ வேண்டுமானால் நிமிடத்துக்கு 300 மி.மீ. நகர வேண்டும். அதற்கு மிகக் கீழே போனால் விளிம்பு வெட்டாமல் தேய்க்கும். மரம் கருகும், அக்ரிலிக் உருகிப் பிட்டைச் சுற்றிக்கொள்ளும். மரத்தின் தேர்வும் இங்கே சேரும். தேக்கில் ஆண்டு வளையத்தை ஒட்டிப் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும்; சின்ன எழுத்து அதில் விழுந்தால் விளிம்பு உடையும். சென்னபட்டணா பொம்மைக்காரர்கள் பயன்படுத்தும் ஆலே மரம், தமிழில் வெட்பாலை, நெருக்கமான ரேகை கொண்டது. சின்ன எழுத்துக்கு அதுவே மேல்.

மீதமிருப்பது எழுத்தைப் பின்தொடரும் குறை. எங்கே வெட்டினாலும் ஒரே எழுத்துத்தான் கெடுகிறது என்றால் காரணம் ஃபைலில் இருக்கிறது. சி.என்.சி. மென்பொருட்கள் பலவற்றில் தமிழைத் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ஒகரம் இரண்டாக உடையும். யூனிகோடு எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் திறன் அவற்றுக்கு இல்லை. இங்க்ஸ்கேப்பில் தட்டி, அங்கேயே கோட்டுருவாக மாற்றி, அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போவதே நம்பகமான வழி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இந்த மென்பொருட்களில் ஒழுங்காக வருவதற்குக் காரணம், அவற்றில் கொம்பும் காலும் தனித்தனித் துண்டுகளாக நாம் தட்டும் வரிசையிலேயே அமர்வதுதான். இன்னொரு சிக்கல் இரட்டைக் கோடு. சாதாரண எழுத்துருவில் ஒரு எழுத்து என்பது அதன் வெளிவிளிம்பு மட்டுமே. பிட் இரு விளிம்பிலும் ஓடி ஒரு கோட்டை இரண்டாகக் காட்டும். ஆங்கிலத்துக்கு, அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஆலன் ஹெர்ஷி 1960களில் உருவாக்கிய ஒற்றைக்கோட்டு எழுத்துருக்கள் இன்றும் பயன்படுகின்றன. அந்தத் தொகுப்பில் தமிழ் இல்லை. ஆகவே தமிழ்ப் பெயருக்கு இரண்டு வழிகள் உண்டு: எஃப்-எங்கிரேவ் போன்ற மென்பொருளில் கோட்டின் நடுவைக் கண்டுபிடித்து வி-கார்விங்காக வெட்டுவது, அல்லது பெயரின் மேல் ஒற்றைக் கோட்டைக் கையால் வரைந்துகொள்வது. ஒரே பெயர் என்றால் இரண்டாவது வழிக்கு அதிக நேரம் ஆகாது.

எல்லாவற்றிலும் முதலில் தோற்பது புள்ளி. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டு ஒய்சளர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெங்களூரில் தமிழ் எழுத்து எவ்வளவு காலமாக வெட்டப்படுகிறது என்பதற்கு அவை சாட்சி. பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை, படிப்பவர் தாமே போட்டுக்கொள்வார். பரிசுப் பலகையில் அதற்கு வழியில்லை. 'கார்த்திக்' என்ற பெயரில் மூன்று புள்ளிகள். மூன்றும் விழாவிட்டால் அது பெயரே இல்லை. ஒற்றைக் கோட்டு முறையில் புள்ளி என்பது முனை ஒருமுறை குத்தி எழுவது மட்டுமே; அதன் அளவு முழுக்க முழுக்க ஆழத்தை நம்பியிருக்கிறது. 60 டிகிரி பிட்டில் 0.35 மி.மீ. வர வேண்டிய புள்ளி, பலகை 0.1 மி.மீ. தாழ்ந்தால் 0.23 ஆகி, மரத்தின் துளைகளோடு துளையாகிவிடும். குத்துவதற்குப் பதிலாக 0.4 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டமாக வரைந்து வைத்தால், அதே கோட்டு அகலத்தோடு புள்ளி 0.75 மி.மீ. வரும். பலகை 0.1 மி.மீ. தாழ்ந்தாலும் 0.63 மி.மீ. மிஞ்சும். வெட்டுவதற்கு முன்பு அதே மரத்தின் மிச்சத் துண்டில் இரு ஓரத்திலும் 'ஞ்', 'ற்' என்ற இரண்டை மட்டும் வெட்டிப் பார்க்கலாம். ஞ-வின் சுழி மூடியிருக்க வேண்டும், ற-வின் வளைவுகள் உருண்டிருக்க வேண்டும், இரு ஓரத்துப் புள்ளிகளும் ஒரே அளவில் விழுந்திருக்க வேண்டும்.